போகிறவர்களும் மரம் நடலாம்



"எங்கட மண்ணில என்ன மௌலவி முளைக்கும்? மணலும் உப்புத் தண்ணியும்தானே" என்று பிள்ளைகளை மத்ரஸாவுக்குக் கூட்டி வரும் தாய்மார் என்னிடம் சொல்வதுண்டு. அதைவிடக் கவலையான இன்னொரு வார்த்தையையும் கேட்டிருக்கிறேன்: "இது வாடகை வளவு. நாளைக்கு எழும்பச் சொன்னா எழும்பணும். மரம் வச்சு என்ன பலன்?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லவே இம்மாதம் பேனை எடுத்தேன். நான் விவசாயம் படித்தவன் அல்லன். அறபுக் கல்லூரியில் கிதாபு ஓதியவன். மரம் வளர்ப்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் எனது உம்மா.

முதலில் நமது பூமியைப் பற்றிச் சிறிது பார்ப்போம். ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதிகளை நம் நாட்டில் உலர் வலயம் என்கிறோம். மன்னாரும் புத்தளமும் அதற்குள்ளும் வறண்ட பகுதிகள். அதற்காக இங்கே மழையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீற்றர் மழை மன்னாரிலும் பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் ஒரேயடியாகக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பிறகு மே தொடங்கி செப்ரெம்பர் வரை சோளகக் காற்று வீசி, நிலத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஆகவே நமது கஷ்டம் மழை குறைவு என்பதைவிட, வந்த மழை தங்காமல் போவதுதான். இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முகாமில் நட்ட மரங்கள்

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது பத்து. மன்னார்த் தீவிலிருந்து படகில் ஏறி கல்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஒருவருக்குச் சொந்தமான தென்னங்காணியில் கிடுகுக் கொட்டில்கள் போட்டு இருந்தோம். "இன்னும் மூன்று மாதத்தில் ஊருக்குப் போய்விடுவோம்" என்றுதான் பெரியவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அடுத்த பெருநாளுக்குப் போவோம் என்றார்கள், அதற்கடுத்த பெருநாளுக்கு என்றார்கள். அப்படியே இருபது வருடம் சென்றுவிட்டது.

போகப் போகிற இடத்தில் மரம் எதற்கு என்று பலர் நினைத்தார்கள். அது குறை சொல்லும் விஷயம் அல்ல. மரம் நட்டால் இங்கேயே இருக்க ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. எனது உம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். ஆனால் முதலாவது மாரி முடியும்போது அவர் காணிக்காரரின் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவியிடம் சலாம் சொல்லிவிட்டு, "கொட்டிலுக்குப் பக்கத்தில இரண்டு மரம் வைக்கலாமா?" என்று கேட்டார். பிறர் காணியில் அவர் அனுமதி இல்லாமல் நடுவது கூடாது என்பதை உம்மா கிதாபு பார்த்துத் தெரிந்துகொண்டவர் அல்லர். அது அவருடைய மானம். காணிக்காரர் யோசித்தார். நீண்ட காலம் நிற்கும் மரம் வைத்தால் பிறகு காணிக்கு உரிமை கேட்பார்களோ என்பது அவருடைய அச்சம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மா, பலா வேண்டாம், முருங்கையும் பப்பாசியும் வைக்கலாம், காய்ப்பதில் அவர்களுக்கும் பங்கு.

உம்மா மூன்றடி நீளமான முருங்கைத் தடி ஒன்றைச் சாய்வாக வெட்டி நட்டார். பப்பாசி விதைகளைப் பழைய பால்மா ரின்னில் போட்டு முளைக்க வைத்தார். ஓர் ஆண்டுக்குள் எங்கள் சட்டியில் முருங்கைக்கீரை வந்தது. நிவாரண அரிசியும் பருப்பும் மட்டுமே கண்ட எங்கள் வாய்க்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை முகாமில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். காணிக்காரர் வீட்டுக்கு முதல் பப்பாசிப் பழத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்குத் தேங்காய் வரத் தொடங்கியது. மாதுளைக்கும் எலுமிச்சைக்கும் அனுமதி தானாகவே கிடைத்தது.

கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் நாள் வந்துவிட்டாலும், நட முடியுமாயின் அதை நட்டுவிடட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஒரு ஹதீஸ் உண்டு. கல்லூரியில் அதை ஓதும்போது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. உலகமே முடியும்போது நடலாம் என்றால், நாளை வீடு மாறப் போகிறவர் இன்று நடக்கூடாதா?

ஒரு வருட மரம், மூன்று வருட மரம், பேரப்பிள்ளை மரம்

இருக்கப்போகும் காலத்தைப் பார்த்து மரத்தைத் தெரிவு செய்யுங்கள். உம்மாவின் கணக்கு இதுதான்.

ஒரு வருடத்தில் பலன் தருபவை: பப்பாசி, தடியில் நட்ட முருங்கை, வாழை. பப்பாசி எட்டு, பத்து மாதத்தில் காய்க்கும். ஆனால் அதன் அடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஆதலால் சிறிது மேடாக்கி நடுங்கள். மூன்று, நான்கு கன்றுகளைச் சேர்த்து வைத்தால், பூத்த பிறகு ஆண் மரங்களைக் கழித்துக்கொள்ளலாம். முருங்கையைக் கைக்கு எட்டும் உயரத்தில் வெட்டிவிட்டால் கிளைத்து நிறையக் காய்க்கும். மழைக்குப் பின் மயிர்க்கொட்டி வரும். பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் கிணற்றடிக்கும் சற்றுத் தூரத்தில் நடுவது நல்லது.

மூன்று நான்கு வருடத்தில் பலன் தருபவை: மாதுளை, கொய்யா, எலுமிச்சை, அன்னமுன்னா, ஒட்டு மா. இவையெல்லாம் வெயிலை விரும்பும் மரங்கள். மாதுளைக்கு நமது வறட்சி ஒரு பாக்கியம். ஈரமான ஊர்களில் அதன் பழம் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுவிடும். கல்பிட்டியின் பெயரிலேயே ஒரு கலப்பின மாதுளை இருக்கிறது. மாதுளம்பழம் வெடிக்கிறது என்று முறைப்பாடு செய்பவர்கள் தண்ணீர் ஊற்றும் முறையைக் கவனியுங்கள். இரண்டு வாரம் காயவிட்டு ஒரு நாள் குடம் குடமாக ஊற்றினால் தோல் தாங்காது. கொஞ்சமாக, தவறாமல் ஊற்ற வேண்டும். மாமரம் இதற்கு மாறானது. அது பூக்க ஒரு வறட்சி வேண்டும். அதனால்தான் கறுத்தக்கொழும்பானும் விலாட்டும் நமது உலர் பகுதியில் சிறக்கின்றன. வளர்ந்த மாமரத்துக்குப் பூக்கும் காலத்துக்கு முன் தண்ணீரைக் குறைத்து விடுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கானவை: பனை, புளி, விளா, நாவல், வேம்பு. முதல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் இவை நம்மிடம் எதையும் கேட்பதில்லை.

மல்வானைக்குக் கலியாணம் முடித்துப்போன எங்கள் உறவுப் பெண் ஒருவர் அங்கிருந்து ரம்புட்டான் கன்று கொண்டுவந்து புத்தளத்தில் நட்டார். இரண்டாவது சோளகத்தில் இலைகள் கருகி, மரம் பட்டுப்போனது. ரம்புட்டானும் மங்குஸ்தானும் ஆண்டு முழுவதும் ஈரம் கேட்பவை. அயல் ஊர் மரத்துக்காக அழும் கண்ணீரை நம் ஊர் மாதுளைக்கு ஊற்றினால் அது காய்க்கும் என்று உம்மா சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு மாதுளை வைத்தார்.

வுழூத் தண்ணீரின் கணக்கு

இனி, தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீடு. ஒருவர் ஒரு வேளை வுழூவுக்கு 2 லீற்றர் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வேளைக்கு, ஐந்து பேருக்கு, ஒரு நாளில் 50 லீற்றர். ஒரு வாரத்துக்கு 350 லீற்றர். அதில் பாதி வீணாகிப் போனாலும் 175 லீற்றர் மிஞ்சும். மணல் நிலத்தில் ஓர் இளங்கன்றுக்கு வாரத்தில் இரண்டு முறை ஒரு வாளி, அதாவது 20 லீற்றர் கொடுத்தால், அடியில் சருகு போட்டு மூடியிருக்கும்போது அது கோடையைத் தாங்கும். ஆகவே ஒரு வீட்டின் வுழூத் தண்ணீர் எட்டுக் கன்றுகளை வளர்க்கப் போதும்!

"வுழூச் செய்த தண்ணீரை மரத்துக்கு விடலாமா?" என்று ஒரு சகோதரி தயங்கிக் கேட்டார். தாராளமாக விடலாம். நமது ஷாஃபிஈ மத்ஹபில் அது முஸ்தஃமல் நீர். அதைக் கொண்டு மீண்டும் வுழூச் செய்ய முடியாதே தவிர, அது சுத்தமான தண்ணீர்தான். குழாயைத் திறந்து வைத்துவிட்டு வாளி நிரம்பட்டும் என்று நிற்காதீர்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது ஒரு லீற்றருக்கும் குறைந்த தண்ணீரில் வுழூச் செய்ததாக ஹதீஸ்களில் வருகிறது.

அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் ஆகியவையும் நல்லவை. சவர்க்காரத் தூள் கரைத்த உடுப்புத் தண்ணீரை மட்டும் இளங்கன்றுக்கும் கீரைக்கும் விடாதீர்கள். அதில் உள்ள உப்பு மண்ணில் சேரும். ஏற்கனவே நமது கிணறுகளில் உப்பு இருக்கிறது. தண்ணீர் சற்று உவர்ப்பான வளவுகளில் தென்னை, பேரீச்சை, சப்போட்டா ஆகியவை மற்றவற்றைவிடத் தாங்கும். உரத்தையும் அள்ளிப் போடாதீர்கள். மணல் அதைப் பிடித்து வைக்காது. மழையோடு நைத்திரேற்றாக இறங்கி உங்கள் குடிதண்ணீர்க் கிணற்றுக்கே போய்ச் சேரும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதும் அதே தண்ணீரில்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

குழி தோண்டுவதைப் பற்றி: நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்று அடியாக மா, எலுமிச்சை போன்றவற்றுக்குத் தோண்டுங்கள். மணல் நிலமாயின் அடியில் தேங்காய்ப் பொச்சுகளை, உட்பக்கம் மேலே பார்க்க, இரண்டு வரிசை அடுக்குங்கள். பொச்சு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கொடுக்கும். அதன் மேல் உக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். கன்றை நட்ட பின் சுற்றிலும் சருகு, வைக்கோல் எது கிடைத்தாலும் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள், தண்டில் முட்டாமல். கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்முட்டியைக் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால், மண் காயக் காய அது கசிந்து கொடுக்கும். மூடியை மறக்க வேண்டாம். திறந்த முட்டியும் கவிழ்க்காத சிரட்டையும் டெங்கு நுளம்புக்குத்தான் வீடாகும்.

நடும் நாள், மாரியின் முதல் இரண்டு மழை விழுந்த பிறகு. அப்போது நட்ட கன்று, சோளகம் தொடங்கும் முன் ஆறு மாதம் வேரோடும். பங்குனியில் நட்டுவிட்டு வைகாசியில் அழுவதை விட்டுவிடுவோம்.

தண்ணீருக்கு அடுத்தது ஆடு. நமது ஊர்களில் கன்றுகளைக் கொல்வது வெயிலைவிட ஆடுதான் என்று சொல்லலாம். அடுத்த வீட்டு ஆட்டோடு சண்டை பிடித்து அயலவரை இழக்காமல், நட்ட அன்றே நான்கு கதியாலும் பழைய வலையும் கொண்டு கூடு கட்டிவிடுங்கள்.

பெண்கள் கைக்கு உரியவை

இரண்டு மரங்களை உங்களுக்கென்றே சொல்ல வேண்டும். ஒன்று இலந்தை. நபி (ஸல்) அவர்களின் மகளார் வபாத்தானபோது, குளிப்பாட்டிய பெண்களிடம் இலந்தை இலை கலந்த தண்ணீரால் குளிப்பாட்டுமாறும், கடைசியில் கற்பூரம் சேர்க்குமாறும் சொன்னார்கள் என்பதை உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் வாயிலாக நாம் அறிகிறோம். முகாமில் முதல் ஜனாஸா விழுந்தபோது எங்கே இலந்தை இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு பெண்கள் ஊரூராக அலைந்தார்கள். ஊரில் பள்ளிக்குப் பின்னால் நின்ற மரத்தை நினைத்து அன்று அழுதவர்கள் பலர். இலந்தை வறட்சிக்குப் பிறந்த மரம். உப்பையும் ஓரளவு தாங்கும். அதன் பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்பார்கள். முள் இருப்பதால் வளவின் மூலையில் ஒன்று நின்றால் போதும். ஒரு தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தாலும் அந்தத் தெருவுக்கே உதவும்.

மற்றது மருதோன்றி. தடியில் முளைக்கும், வேலியாக வளரும், ஆடும் அதை அதிகம் விரும்பாது. கடைகளில் 'கறுப்பு மருதாணி' என்று விற்கும் கூம்புகளில் முடிச்சாயத்துக்குப் போடும் இரசாயனத்தைக் கலக்கிறார்கள். அது பட்டு, பெருநாள் அன்று கை கொப்பளித்த பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன். மருதோன்றி இலை ஒருபோதும் கறுப்பாகச் சிவக்காது. வேலியில் பறித்து அம்மியில் அரைத்துப் போட்டுவிடுங்கள்.

பேரீச்சையைப் பற்றியும் பலர் கேட்கிறீர்கள். காத்தான்குடிப் பிரதான வீதியில் நிற்கும் பேரீச்சை மரங்கள் காய்த்துக் குலுங்குவதைப் பார்த்த ஆசை. நோன்பு திறந்த பழத்தின் கொட்டையைப் போட்டாலே முளைக்கும். ஆனால் பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கொட்டையில் முளைத்தவற்றில் ஏறக்குறைய பாதி ஆணாகப் போய்விடும். அதைத் தெரிந்துகொள்ளப் பல வருடம் காத்திருக்க வேண்டும். தாய் மரத்தின் அடியில் வரும் பக்கக் கன்று தாயைப் போலவே காய்க்கும். பெண் பாளைக்கு ஆண் பூந்தூளைக் கையால் சேர்த்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். மதீனாவில் விவசாயிகள் இதைச் செய்வதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் ஓர் அபிப்பிராயம் சொல்லி, அவர்கள் அதை விட்டபோது விளைச்சல் குறைந்தது. உங்கள் உலக விவகாரங்களை நீங்களே நன்கு அறிந்தவர்கள் என்ற கருத்தில் அப்போது அவர்கள் சொன்னார்கள். ஆகவே மரத்தில் நோய் கண்டால் மௌலவியிடம் ஓதிப் பார்க்க வருவதோடு நிற்காமல், பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்!

திரும்பிப் போனபோது

2009இல் யுத்தம் முடிந்து, அடுத்த வருடம் நாங்கள் மன்னாருக்குப் போனோம். வீட்டுக்குக் கூரை இல்லை. வேலி இருந்த அடையாளமே இல்லை. உறுதியும் படமும் என்றோ தொலைந்துவிட்டன. வாப்பாவின் வாப்பா வைத்த புளியமரம் மட்டும் நின்றது. அந்தப் புளியிலிருந்து கிணற்றுக்கு எத்தனை எட்டு, கிணற்றிலிருந்து எல்லைக்கு எத்தனை எட்டு என்று உம்மா நடந்து காட்டினார். அயல் காணித் தமிழ்ச் சகோதரர் ஒருவரும் அதையே சொன்னார். எங்கள் வளவு எது என்பதற்கு அன்று சாட்சி சொன்னது அந்த மரமும் அந்த மனிதரும்தான்.

கல்பிட்டியை விட்டுப் புறப்படும்போது உம்மா மாதுளையிலும் மருதோன்றியிலும் தடிகள் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார். மரங்களை அங்கேயே விட்டுவந்தோம். காணிக்காரரின் பேரப்பிள்ளைகள் இப்போது அந்த எலுமிச்சையில் பறிக்கிறார்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகா என்று நாம் படிக்கிறோம். அதில், நட்டவர் அந்தக் காணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல். அந்த இனத்தின் தாயகம் ஆபிரிக்கா. பருத்த அடிமரத்தில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, கோடையில் இலையை உதிர்த்துவிட்டு உயிர் வாழும். கடல் கடந்து வந்த அறபு வணிகர்கள்தான் அவற்றைக் கொண்டுவந்து நட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அப்படியாயின், நட்டவர்கள் காற்று மாறியதும் கப்பலேறிப் போயிருப்பார்கள். நிழலில் இன்றும் நாம் நிற்கிறோம்.

சகோதரிகளே, புரட்டாதி பிறக்கும்போதே குழியை வெட்டி எருப் போட்டுவிடுங்கள். சொந்த வளவாயின் மாவும் புளியும் வையுங்கள். வாடகை வளவாயின் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முருங்கையும் பப்பாசியும் வையுங்கள். வளவே இல்லாவிட்டால் ஒரு பழைய வாளியின் அடியில் துளையிட்டு எலுமிச்சை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று. கன்றுக்குத் தண்ணீர் விடும் வேலையைப் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பிந்திய கடமையாக்குங்கள். இடம் மாறும்போது எடுத்துப் போகக்கூடிய தடியை எடுத்துப் போங்கள், மீதியைப் பின்னால் வருபவர்களுக்கு விட்டுவிடுங்கள். அல்லாஹ் நமது கைகள் நட்டவற்றில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.